வருத்தம் இல்லை என்று எழுதியவள்

மல்லசமுத்திரத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் மேற்கே போனால் பெரியநாயகியின் வீடு. வயது நாற்பத்து மூன்று. நாற்பதடி டிரெய்லர் ஓட்டுகிறாள். நாமக்கல்லில் முட்டை ஏற்றிய குளிர்ப்பெட்டியைத் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, காலிப் பெட்டியோடு திரும்புவாள். மாதத்துக்கு ஆறு நடை. அந்தத் துறைமுக நகரத்துக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் நாமக்கல் லாரிக்காரர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது ‘ஹார்பர்’. அவ்வளவுதான்.

அவள் முதலில் ஹார்பரைப் பார்த்தது 2005இல், கல்யாணமான மூன்றாம் மாதம். கணவன் சென்னியப்பன் அப்போது டிரெய்லர் டிரைவர். கடல் பார்க்கவேண்டும் என்று அவள் சொல்ல, கேபினில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனான். அப்போதெல்லாம் ஹார்பரின் பீச் ரோடு முழுக்க லாரிகள்தான் நிற்கும். ஒருபக்கம் கடல், மறுபக்கம் ஓட்டுக்கூரை போட்ட பழைய சரக்குக் கிடங்குகள். அவற்றின் நடுவே கயிற்றுக் கடை, பெயிண்டுக் கடை, வெல்டிங் பட்டறை, சாப்பாட்டுக் கடைகள். அதில் ஒன்று ‘சேலம் மெஸ்’. நடத்தியவர் வஹீதுன்னிசா. சேலம் கோட்டைப் பகுதியில் பிறந்து, கப்பல்களுக்குக் காய்கறியும் கறியும் ஏற்றிவிடும் முகம்மது ஹனீபைக் கட்டிக்கொண்டு ஹார்பருக்கு வந்தவர். மெஸ்ஸுக்குப் பின்னால் தாழ்ப்பாள் போட்ட மூன்று குளியலறைகளும் ஒரு சிமெண்டுத் தொட்டியும் இருந்தன. ஒன்றைப் பெண்களுக்கென்று பூட்டி, சாவியைத் தன் இடுப்பிலேயே சொருகிவைத்திருப்பார்.

இப்படிச் சொல்வதால் அந்த பீச் ரோடு ஏதோ சொர்க்கம் என்று நினைத்துவிடக் கூடாது. யாராவது அதை நினைத்துப் பெருமூச்சு விட்டால் பெரியநாயகிக்கே பிடிக்காது. “சாக்கடை நாத்தம் கொடலப் பொரட்டுமுங்க. கண்ண மூடுனா டேங்குல டீசல் இருக்காது. அதையெல்லாம் ஒழிச்சது நல்லதுதான்” என்பாள்.

சென்னியப்பனுக்குச் சர்க்கரை. 2016இல் வலது கண் மங்கத் தொடங்கி, அடுத்த வருடம் சுத்தமாகப் போயிற்று. லைசென்ஸைப் புதுப்பிக்க முடியவில்லை. அதற்குள் அவள் பன்னிரண்டு வருடம் அவன் பக்கத்து இருக்கையில் எத்தனையோ நடை போய்வந்திருந்தாள். கியர் எப்போது மாற்றுவான், திருப்பத்தில் எவ்வளவு இடம் விட்டு வாங்குவான் எல்லாம் கண்ணுக்குப் பழக்கம். போட்டு முடித்துத் திறக்காமல் கிடந்த ஒரு பைபாஸில் ஒரு மாதம் ஓட்டிப் பழகினாள். கனரக லைசென்ஸும் வாங்கினாள். நாமக்கல்லில் பதினொரு டிரெய்லர் வைத்திருந்த கௌதமன், அப்பாவிடமிருந்து தொழிலை வாங்கிக்கொண்ட இளம் முதலாளி, டிரைவர் கிடைக்காத சமயத்தில் அவளிடம் வண்டியைக் கொடுத்தான். ஒரு நடை ஓட்டட்டும், பார்ப்போம் என்றுதான் கொடுத்தான். அது ஆறு வருடம் ஆயிற்று.

அந்த ஆறு வருடத்தில் ஹார்பர் வேறு ஊராகிவிட்டது. பீச் ரோட்டுக்குக் கருங்கல் பலகை பதித்து நடைபாதை ஆக்கினார்கள். வளர்ந்த பனைமரங்களை வேரோடு கொண்டுவந்து நட்டார்கள். அவையும் லாரியில்தான் வந்தன. ஓட்டுக்கூரைக் கிடங்குகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் விளக்குத் தொங்கவிட்டு, காபிக் கடைகளாக்கினார்கள். கப்பலில் பெட்டி ஏற்றும் கிரேன்களைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிக்கலாம் என்று ஒன்பது மாடி ஹோட்டல் ஒன்று வந்தது. வஹீதுன்னிசாவின் கடை இருந்த கட்டடத்தை அதன் உரிமையாளர் விற்றுவிட்டார். வஹீதுன்னிசா மெஸ்ஸை மூடிவிட்டு, நடைபாதைக்குப் பின்தெருவில் மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார்.

லாரிகளைப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, உப்பளத்தை ஒட்டிய பொட்டல் ஒன்றில் நிறுத்தச் சொன்னார்கள். அதற்குப் பெயர் யார்டு. துறைமுகத்துக்குள் போவதற்கான டோக்கன் கைபேசியில் வரும். டோக்கன் வரும்போது டிரைவர் வண்டியில் இல்லையென்றால் முறை போய்விடும். ஐந்நூறு, அறுநூறு வண்டி நிற்கும் இடத்தில் ஆறு தகரக் கழிப்பறைகள். தண்ணீர் இல்லை. இரண்டுக்குக் கதவும் இல்லை. பெண்களுக்கு என்று ஒன்றுமே இல்லை.

மதுரை தாண்டியதும் பெரியநாயகி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். வேறென்ன செய்வது? இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து திருச்செங்கோட்டில் ஊசி போட்டுக்கொண்டாள். தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டர் சத்தம் போட்டார். குடித்தால் எங்கே போவது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டாள்.

போன வருடம் மே மாதம். யார்டில் முப்பத்தொரு மணி நேரம் ஆகியும் டோக்கன் வரவில்லை. இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு அவளுக்குத் தூரமாயிற்று. நாள் கணக்குக்கு முன்பே வந்துவிட்டது. கேபினில் இருந்த பழைய துண்டைக் கிழித்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ பிடித்து ஊருக்குள் போகலாம். ஆனால் முறை போய்விடும். குளிர்ப்பெட்டிக்குக் கரண்டு தரும் ஜென்செட் நடுவில் நின்றாலும் பார்க்க ஆள் இல்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவே போய் மறைவாக உட்காரலாம், நாலைந்து தடவை அப்படி உட்கார்ந்தவள்தான். அன்றைக்கு அவளுக்கு மனம் வரவில்லை. வண்டியைக் கிளப்பினாள்.

யார்டு வாசலில் காவலாளி, “டோக்கன் வந்துருச்சாம்மா?” என்றான்.

“எனக்கு வந்துருச்சுங்க” என்று சொல்லிவிட்டு வெளியே திருப்பினாள்.

நடைபாதையின் முன்வாசலில் உயரமான வண்டி நுழைய முடியாதபடி குறுக்குக் கம்பி போட்டிருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். செடிகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரி நுழையும் பக்கவழி ஒன்றும் தெரியும். அங்கே கிடந்த தடுப்பை இறங்கி நகர்த்தி வைத்தாள். ஊர்ப்பெயரை ஆளுயர எழுத்தில் நிறுத்தி, பக்கத்தில் சிவப்பு இதயம் வைத்திருப்பார்களே, அதன் முன்னால் நாற்பதடி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். எதிரே கண்ணாடிச் சுவர் வைத்த கழிப்பறை. பெண்கள் பக்கம் செல்லியம்மாள் என்ற பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வண்டியையா நீ ஓட்டிட்டு வந்தே?” என்று வாயைப் பிளந்தாள் செல்லியம்மாள்.

“ஆமாங்க. ஒரு வாளி இருந்தாக் குடுங்க. குளிக்கோணும்.”

செல்லியம்மாள் அவள் சேலையைப் பார்த்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தன் சொந்த வாளியையும் சோப்பையும் எடுத்துக் கொடுத்தாள். வாசலில் ‘சுத்தம் செய்யப்படுகிறது’ என்ற பலகையை எடுத்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

பெரியநாயகி தலைக்கு ஊற்றிக் குளித்து, சேலை மாற்றிக்கொண்டு வெளியே வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. வண்டியைச் சுற்றிக் கூட்டம். காலை நடைக்கு வந்தவர்கள் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காவலாளிகள் இரண்டு பேர் டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். போக்குவரத்து எஸ்.ஐ. ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார்.

“யாருய்யா டிரைவர்?”

“நானுங்க.” தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே முன்னால் வந்தாள்.

எஸ்.ஐ. அவளையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தார். “இங்க கனரக வண்டி வரக்கூடாதுன்னு தெரியாதா?”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சேதான் வந்தியா?”

“கக்கூசு இங்கதான இருக்குது. அது அங்க இருந்திருந்தா நானு எதுக்குங்க இங்க வாரேன்?”

பனியனும் வெள்ளைக் காலணியும் போட்ட பெரியவர் ஒருவர் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தார். “இது பப்ளிக் நடக்கிற இடம்மா. ஒரு ஒழுங்கு வேண்டாமா?”

“நானும் பப்ளிக்தானுங்க” என்றாள் பெரியநாயகி. குரல் நடுங்கியது. பயம் இல்லை, பசி. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வஹீதுன்னிசா வந்தார். நாலாம் மாடிப் பால்கனியிலிருந்து வண்டியைப் பார்த்திருக்கிறார். கதவில் எழுதியிருந்த நாமக்கல் என்ற பெயரையும் பார்த்திருக்கிறார். அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. ஆனாலும் மூச்சிரைக்க வந்து பெரியநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரியவரிடம் திரும்பினார்.

“இவ இருபது வருசமா இங்கதான் குளிக்கிறா. அதோ, நீங்க காப்பி குடிக்கிற கடை இருக்கே, அதுக்குப் பின்னால. இவ பழைய ஆளு. நீங்கதான் புதுசு.”

எஸ்.ஐ. வழக்கு எழுதிக்கொண்டு, பின்னோக்கி எடுக்கும்போது யார்மேலும் ஏறிவிடாமல் தானே நின்று கைகாட்டி வண்டியை வெளியேற்றிவிட்டார். போகும்போது இரண்டு கருங்கல் பலகைகள் விரிசல் விட்டிருந்தது தெரிந்தது. அதையும் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே துறைமுகம் அவளுடைய நுழைவு அட்டையை முடக்கியது. சரக்கை வேறு டிரைவர் வந்து உள்ளே கொண்டுபோனார். அவள் பஸ் ஏறி ஊருக்கு வந்தாள்.

நாலாம் நாள் கௌதமனின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அச்சடித்த மன்னிப்புக் கடிதம். ‘எனது ஒழுங்கீனமான செயலுக்கு மிகவும் வருந்துகிறேன். இனி இவ்வாறு நடந்துகொள்ள மாட்டேன்’ என்று இருந்தது. கீழே கையெழுத்துக்குக் கோடு. அதற்கும் கீழே ‘விளக்கம் ஏதும் இருப்பின்’ என்று ஒரு சின்னக் கட்டம்.

கௌதமன் பேனாவைத் திறந்தே கொடுத்தான். “ஒரே ஒரு கையெழுத்துங்கக்கா. அட்டை திரும்ப வந்துரும். அடுத்த வாரமே நடைக்குப் போயிரலாம்.”

“என்னமோ ஒழுங்கீனம்னு போட்டிருக்குதுங்களே, அது எது? குளிச்சதுங்களா?”

“அவுங்க அப்படித்தான் எழுதுவாங்க. நீங்க ஏன் அதையெல்லாம் படிச்சுட்டு இருக்கறீங்க?”

“கையெழுத்துப் போடச் சொன்னா படிக்காம போட முடியுங்களா?”

அவள் கோட்டை விட்டுவிட்டு, கட்டத்தில் எழுதினாள். இடம் போதாமல் ஓரத்திலும் ஏறி எழுதினாள். ‘யார்டில் முப்பத்தொரு மணி நேரம் இருந்தேன். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. எனக்குத் தூரமாகிவிட்டது. கழிப்பறை இருக்கும் இடத்துக்கு வண்டியை ஓட்டிப் போனேன். தடுப்பை நகர்த்தியது நான்தான். கல் உடைந்ததும் என் வண்டியால்தான். வருத்தம் இல்லை. செ. பெரியநாயகி.’

கௌதமன் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். “இத நானு எப்படிங்கக்கா அனுப்பறது?”

“தபால்லதானுங்க” என்றாள்.

வீட்டில் சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. அவன் எளிதில் சத்தம் போடுகிறவன் அல்ல. அன்றைக்குப் போட்டான். “பதினேழு வருசம் அந்தக் கேட்டுல ஓட்டியிருக்கறேன். ஒருத்தங்கிட்ட ஒரு வார்த்த எதுத்துப் பேசுனதில்ல. சொன்ன பக்கம் நின்னேன், சொன்ன பக்கம் போனேன். நீ போயி ஊரே பாக்கற மாதிரி பண்ணிட்டு வந்திருக்கறே!”

“நீங்க பேசாம இருந்ததுனாலதானுங்க அங்க இன்னிக்கும் கதவு வெக்கல” என்றாள் பெரியநாயகி.

சொன்ன பிறகு, இப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கே பட்டது. அவன் எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். “அந்தக் கட்டத்துல என்னமோ எழுதுனயாமே, போட்டோ புடிச்சு வெச்சிருக்கறயா?” என்றான். வைத்திருந்தாள். கைபேசியை வாங்கிக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினான்.

பத்து நாள் அப்படிப் போனான். முட்டை ஏற்றும் கிடங்குகள், டயர்க் கடைகள், டிரைவர்கள் டீ குடிக்கும் இடங்கள். கடிதத்தைப் பிரதி எடுத்து, அதன் பின்னால் கையெழுத்துக் கேட்டான். முதலில் சிரித்தார்கள். பெண்டாட்டியின் கழிப்பறைச் சண்டைக்குப் புருஷன் ஆள் பிடிக்கிறான் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சென்னியப்பன், “உனக்கு யார்டுல தண்ணி வருதா?” என்று மட்டும் கேட்பான். பேனாவை நீட்டுவான். நூற்றுப் பதினெட்டுப் பேர் போட்டார்கள். அதில் மதன் என்ற டிரைவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘எனக்கும் வருத்தம் இல்லை’ என்று எழுதிவைத்தான். அதைப் பார்த்துவிட்டு அவனுக்குப் பிறகு போட்ட முப்பது பேரும் அதையே எழுதினார்கள்.

அட்டை முடங்கிக் கிடந்த நாளெல்லாம் பெரியநாயகி மல்லசமுத்திரம் பக்கம் குச்சிக்கிழங்கு லோடு ஓட்டினாள். விளைந்த மரவள்ளிக் காட்டிலிருந்து ஜவ்வரிசி ஆலைக்கு. சின்ன வண்டி, சின்ன தூரம். வேளைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள், வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். இப்படியே இருந்துவிடலாமா என்று ஒருநாள் நினைத்தாள். பிறகு, அவர்கள் துரத்தியதால் நான் இங்கே தங்கிவிட்டதாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூலையில் விசாரணைக்கு வரச்சொல்லித் துறைமுகத்திலிருந்து அழைப்பு வந்தது. விசாரணைக் குழுவில் நாலு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் வெண்ணிலா, உதவிப் பொறியாளர். தலைமையில் இருந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டுச் சொன்னார். “யார்டில் ஆறு கழிப்பறை இருக்கிறது. படமும் இருக்கிறது.”

“பொம்பளைங்களுக்குங்க?”

“பெண் டிரைவர் யாரும் நம்முடைய பதிவில் இல்லையே.”

பெரியநாயகி பையிலிருந்து முடக்கப்பட்ட அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் அவள் படம் இருந்தது. பக்கத்தில் ‘திரு. பெரியநாயகி, ஆண்’ என்று அச்சாகியிருந்தது. படிவத்தில் மாற்ற வழியே இல்லாததால் ஆறு வருடமும் அப்படியே வந்துகொண்டிருந்தது.

“அப்ப நானு ஆருங்க?” என்று கேட்டாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூற்றுப் பதினெட்டுக் கையெழுத்தையும், கூட வந்திருந்த சென்னியப்பன் எழுந்துபோய் அவர் கையிலேயே கொடுத்தான். கடைசியில், அடுத்த நாள் ஒருவர் யார்டில் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை இருந்து நிலைமையை எழுதித் தரவேண்டும் என்று முடிவாயிற்று. ஆண்கள் நாலு பேரும் வெண்ணிலாவைப் பார்த்தார்கள்.

வெண்ணிலா குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக ஜீப்பில் வந்து இறங்கினார். வண்டிகளை எண்ணினார், கதவில்லாத கழிப்பறைகளைப் படம் எடுத்தார், டிரைவர்களிடம் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டார். பெரியநாயகி தூரத்தில் ஒரு லாரி நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பளத்து வெயில் முகத்தைப் பொசுக்கியது. வெண்ணிலா அடிக்கடி தண்ணீர் குடித்தார். பதினொன்றே முக்காலுக்கு நோட்டை மூடிவிட்டு, ஜீப் டிரைவரிடம் ஏதோ சொல்லி ஏறி உட்கார்ந்தார்.

பெரியநாயகி எழுந்துபோய் ஜீப்புக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“தள்ளுங்கம்மா, அவசரமா போகணும்” என்றார் வெண்ணிலா.

“எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. எழுதிட்டுப் போங்க.”

“என்ன எழுதணும்?”

“போற நேரம், எதுக்குப் போறீங்க, திரும்பி வர்ற நேரம். மூணையும்.”

வெண்ணிலாவின் முகம் சிவந்தது. “நான் உங்களுக்கு நல்லது செய்யத்தான் வந்திருக்கேன். என்னையே மறிக்கிறீங்க.”

“நீங்க ஜீப்புல போயிட்டு வந்துருவீங்க. எழுதலீன்னா நீங்க போனது ஆருக்கும் தெரியாது. அப்பறம் இங்க எல்லாம் சமாளிக்கலாம்னுதான் கோப்புல இருக்கும்.”

சுற்றி நின்ற டிரைவர்கள் வேறுபக்கம் பார்த்தார்கள். வெண்ணிலா நோட்டைத் திறந்து, மடியில் வைத்து எழுதி, அவளிடம் திருப்பிக் காட்டினார். ‘11.50. யார்டில் பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை இல்லாததால், ஆய்வு அலுவலர் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடற்கரைப் பொதுக் கழிப்பறைக்குச் செல்கிறார்.’

பெரியநாயகி ஒதுங்கி வழிவிட்டாள். ஒன்று பத்துக்கு ஜீப் திரும்பி வந்தது. வெண்ணிலா அந்த நேரத்தையும் எழுதினார். ஆறு மணி வரை இருந்து இன்னொரு தடவையும் போனார், அதையும் எழுதினார். கிளம்பும்போது, “அட்டையில் ஆண்னு வர்றதையும் சேர்த்திருக்கேன்” என்று மட்டும் சொன்னார்.

நவம்பருக்குள் யார்டில் எட்டுக் கழிப்பறைகள் கட்டினார்கள். மூன்று பெண்களுக்கு, உள்தாழ்ப்பாளோடு. ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர்தான் வந்ததால் டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் விடுகிறார்கள். சில நாள் வருவதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. நடைபாதையின் பக்கவழியில் இப்போது இரும்புத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். கௌதமன் அவளுக்குப் பழைய வண்டியைத்தான் கொடுத்தான். ஏசி வேலை செய்யாது. வஹீதுன்னிசாவை யார்டில் மறுபடி கடை போடச் சொல்லி டிரைவர்கள் கேட்டுப்பார்த்தார்கள். “ஆக்கிப் போட்டது போதும்பா, இனி எனக்கு யாராவது ஆக்கிப் போடுங்க” என்று அவர் கையைவிரித்துவிட்டார்.

அட்டை திரும்ப வந்த அன்று, துறைமுக அலுவலகத்தில் அவளிடம் ஓர் ஆணையை நீட்டினார்கள். ‘எச்சரித்து விடுவிக்கப்படுகிறார்’ என்று இருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார் எழுத்தர். போட்டாள். போட்டுவிட்டு, பக்கத்திலேயே ‘எச்சரிக்கையை ஏற்கவில்லை’ என்றும் எழுதினாள்.

“இப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா” என்றார் எழுத்தர்.

“வேற தாள் குடுங்க, அதுலயும் இதத்தானுங்க எழுதுவேன்.”

எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது. தாளைக் கோப்பில் குத்திவிட்டு அட்டையைத் தள்ளினார். ‘திருமதி. பெரியநாயகி, பெண்’ என்று இருந்தது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

இப்போது இந்தப் பக்கத்திலிருந்து ஹார்பருக்கு இன்னும் இரண்டு பெண்கள் ஓட்டுகிறார்கள். பள்ளிபாளையத்து ஜோதி காகித லோடு கொண்டுபோகிறாள். இன்னொருத்தி ராசிபுரத்துக்காரி. யார்டில் காத்திருக்கும் நேரம் மட்டும் குறையவில்லை. போன மாதம் இருபத்தாறு மணி நேரம். டோக்கன் தயாரான பிறகே நாமக்கல்லிலிருந்து வண்டியைக் கிளப்பச் சொல்லவேண்டும், அதுவரை டிரைவர்கள் அவரவர் வீட்டில் இருக்கட்டும் என்று பெரியநாயகி அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறாள். சென்னியப்பன் கையெழுத்து வாங்கும் வேலையை ஆரம்பித்துவிட்டான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை என்று சொல்கிறான்.